கிளி பெற்ற நெபுலா

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது குற்றம் என்று எனக்கே தெரிய இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கும் உடனே தெரியாது, பரவாயில்லை.

1979 பிப்ரவரியில், விருத்தாசலத்தில் ஒரு பெண்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். (வேறு யாரோ கடைசி நேரத்தில் வர மறுத்திருக்க வேண்டும். அழைப்பிதழில் என் பெயரை ஒரு துண்டுத் தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.) வேப்பூரில் பஸ் மாறி, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். என்னை என்ன செய்வதென்று தெரியாமல் அறிவியல் அறையில் உட்காரவைத்து, ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சுவரில் ஒரு பீங்கான் தட்டு இருந்தது. ஒரு முழ அகலம். கீழே இரண்டு ஆணி, மேலே ஒரு ஆணி, மூன்றுக்கும் நடுவில் விளிம்பு உட்கார்ந்திருந்தது. கருநீலத் தரையில் வெள்ளையாக ஒரு சுருள், இரண்டு கைகளை விரித்துக்கொண்டு சுற்றியது. ஒரு கையின் ஓரத்தில் மட்டும் ரோஜா நிறத்தில் ஒரு மேகம். விளிம்பில் பள்ளியின் பெயர், பக்கத்தில் 1968. எழுத்துகள் தலைகீழாக இருந்தன.

சுவரில் எது கோணலாக இருந்தாலும் எனக்குத் தாங்காது. கல்யாணத்துக்குப் போன வீட்டில்கூடக் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவேன். எழுந்து போய், டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் தட்டை அரைச் சுற்று சுற்றி எழுத்தை நேராக்கினேன். கைக்குட்டையால் தூசியும் துடைத்தேன். பதினோரு வருஷமாக இந்தப் பள்ளியில் கண் உள்ள ஒரு ஆள்கூடவா இல்லை என்று அலுத்துக்கொண்டேன்.

அறிவியல் டீச்சர், சின்ன வயதுப் பெண், மாலையோடு வந்தார். தட்டைப் பற்றிக் கேட்டேன். மாலையில் சிக்கிய நூலைப் பிரித்தபடியே பதில் சொன்னார்.

"அது முக்கோண விண்மீன் திரள் சார். நம்ம பால்வெளிக்குப் பக்கத்துல இருக்குது. அந்த ரோஸ் கலரு ஒரு நெபுலா. நட்சத்திரம் பொறக்குற எடம். இந்த ஊரு பீங்கான்தான். எனக்கு முன்னாடி இருந்த டீச்சரு சொல்லி செஞ்சதாம். யாரு செஞ்சாங்கன்னு தெரியல சார். வாங்க, நேரமாவுது."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் டைரியைப் பிரித்து, தட்டைப் படமாக வரைந்துவைத்தேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"இருபது லட்சம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால், உறையும் இருளில், ஒரு பெரும் வாயு மேகம் மெல்லத் தன்னைத்தானே —"

இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அவ்வளவு தூரம் போயிட்டு எப்பத் திரும்பி வரதா உத்தேசம்? ரேஷனுக்குப் போவணும்" என்றாள். போய்விட்டு வந்து அந்த வரியை அடித்துவிட்டேன்.

"அமாவாசை இரவு. மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு நின்ற அவர் —"

எவர்? விருத்தாசலத்தில் யாரிடம் தொலைநோக்கி இருந்தது என்று எனக்குத் தெரியாது. இந்த நெபுலா வெறும் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. ஆகவே ஒரு முடிவு எடுத்தேன்: இந்தக் கதையில் இரவே கிடையாது. பீங்கான் சூளை இரவிலும் எரியும் என்கிறார்கள். எரியட்டும். நான் காலையில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

"களிமண் —"

இது சரியாக வரும்போல் இருந்தது. ஆனால் ஒரு சொல்லுக்கு மேல் நகரவில்லை. களிமண் தானாக நகராது, யாராவது கை வைக்க வேண்டும்.

3

கை வைத்தவள் பெயர் ஜெரினா.

இருபத்திரண்டு வயது. பாலகிருஷ்ணன் என்பவரின் பீங்கான் பட்டறையில் வேலை. பட்டறையில் மின்சார ப்யூஸ் கட்டைகளும் டீ சாஸர்களும் செய்தார்கள். பெண்கள் எல்லோரும் ஒரு நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, அச்சிலிருந்து வந்த ப்யூஸ் கட்டைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். நாள் முழுக்க அதுவேதான். ஜெரினாவும் நான்கு வருஷம் துடைத்தாள். ஐந்தாம் வருஷம் கிளேஸ் ரூமில், அதாவது பாண்டத்துக்கு மெருகும் நிறமும் பூசுகிற அறையில், இருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டான். மறுநாள் காலை பாலகிருஷ்ணன் வந்து பார்த்தால், கிளேஸ் தொட்டிகள் எல்லாம் கலக்கித் தயாராக இருந்தன. ஜெரினா கரண்டியோடு நின்றாள்.

"யாரு ஒன்ன உள்ள வுட்டது?"

"கதவு தொறந்துதான் இருந்துச்சு மொதலாளி."

(இந்த வரியை எழுதியபோதுதான் எனக்கு ஜெரினாவைப் பிடித்துப்போனது. அதுவரை அவளுக்குப் பெயர் மட்டும்தான் இருந்தது.)

பாலகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. முதல் கைப்படியில் அவருக்கு ஒரு பெரிய மீசையும் கரகரத்த குரலும் கொடுத்து வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. இரண்டாம் படியில் மீசையை எடுத்துவிட்டேன். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பிடிவாதம். பெண்கள் பெஞ்சுக்கு, ஆண்கள் கிளேஸ் ரூமுக்கு. ஊரில் எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான், நாம் மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

"வேற ஆளு கெடைக்கிற வரைக்கும் இரு" என்றார். ஜெரினாவுக்கு அந்த அறை அவ்வளவு பிடித்திருந்தது. சாம்பல் நிறத்தில் பூசியது சூளையிலிருந்து நீலமாக வரும். ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது பளபளவென்று வரும். அங்கிருந்து பெஞ்சுக்குத் திரும்பிப் போக அவளுக்கு மனமே இல்லை.

4

அந்தச் சமயத்தில்தான் ராஜம்மாள் டீச்சர் வந்தார். கையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகை. பள்ளியில் அறிவியல் அறை திறக்கப்போகிறார்கள், சுவரில் மாட்ட ஒரு தட்டு வேண்டும்.

"இந்தப் படத்த அப்படியே தட்டுல கொண்டு வரணும். கீழ ஸ்கூலு பேரு."

கறுப்பு வெள்ளைப் படம். பாலகிருஷ்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னாங்க டீச்சர் இது, வடாம் மாவ ஊத்துன மாதிரி இருக்குது?"

"விண்மீன் திரள். கோடிக்கணக்கான நட்சத்திரம். நம்ம பக்கத்து வூடு."

"எவ்ளோ பக்கம்?"

"வெளிச்சம் அங்கேருந்து கெளம்பி இங்க வந்து சேர இருபது லட்சம் வருஷத்துக்கு மேல ஆவும்."

"ரொம்பப் பக்கந்தான்" என்றார் பாலகிருஷ்ணன்.

ராஜம்மாள், படத்தில் மேலே இடது பக்கம், சுருளின் ஒரு கையில் இருந்த சின்ன வெள்ளைத் திட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "இதுதான் முக்கியம். இது நெபுலா. நட்சத்திரம் பொறக்குற எடம். இது மட்டும் செவப்பா வரணும்."

ஜெரினா எட்டிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி பிரசவ வார்டு மாதிரிங்களா டீச்சர்?"

"அப்படியேதான். ஆனா வார்டு ரொம்பப் பெருசு. நம்ம சூரியன்லேருந்து அடுத்த நட்சத்திரம் வரைக்கும் போற தூரத்த முந்நூறு தடவ வெச்சாத்தான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சரியா வரும். புதுசாப் பொறந்த நட்சத்திரமெல்லாம் சேந்து காயுற சூட்டுல அந்த வாயு செவப்பா ஒளி வுடுது."

"படத்துல வெள்ளையாத்தான இருக்குது. செவப்புன்னு எப்படித் தெரியும்?"

"வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சிருக்காங்க. ஒம் மாதிரி கேள்வி கேட்டவங்கதான் கண்டுபுடிச்சாங்க."

ஜெரினாவை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் போன பிறகு பாலகிருஷ்ணன் சொன்னார். "தட்டு சரியா வந்துதுன்னா நீ கிளேஸ் ரூம்லயே இருந்துக்க. தப்பா வந்துது, ஸ்பாஞ்ச எடுத்துக்கிட்டு பெஞ்சுக்குப் போயிடு."

இதுதான் கதையின் பந்தயம். (விமர்சகர்கள் தேட வேண்டாம் என்று இங்கேயே எழுதிவைக்கிறேன்.)

5

சூளைச் சூட்டில் சிவப்பு நிற்காது. இது நான் படித்துத் தெரிந்துகொண்டது, ஜெரினா பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் சோதனைச் சில்லில் பூசிப் பார்த்த சிவப்பு, பீடிக் கறை நிறத்தில் வந்தது. இரண்டாவது கறுப்பு. மூன்றாவதில் பூசியதற்கான அடையாளமே இல்லை, ஓடிப்போயிருந்தது.

ஊருக்கு ஒரே பொதுச் சூளை. ஒரு தடவைக்குச் சில பட்டறைகள் என்று முறை உண்டு. பாலகிருஷ்ணனின் முறை வந்துவிட்டது. அடுத்தது பதினைந்து நாள் கழித்து. அறிவியல் அறை திறப்புக்கு இருந்தது நான்கு நாள். நடப்பதைப் பார்த்த பாலகிருஷ்ணன், "வெள்ளையாவே சுட்டு எடு. அப்புறம் மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட வாங்கித் தொட்டு வெச்சுடலாம்" என்றார். ஜெரினாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நட்சத்திரம் பிறக்கிற இடத்துக்கு மாட்டுப் பொங்கல் பெயிண்டா?

(இங்கே நான் ஒரு வாரம் எழுதவில்லை. எனக்கும் சிவப்பு கிடைக்கவில்லை.)

பிறகு சாமிதுரை வந்தார். பொம்மை செய்பவர். மாசி மகத் திருவிழாக் கடைகளுக்குப் பச்சைக் கிளிகள் போடுவார். இவரை முதலில் ஜெரினாவைக் காதலிப்பவராக வைத்தேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். அடுத்து எதிரியாக வைத்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. போன வருஷம் பொதுச் சூளையில் இவர் கிளிகளைப் பாலகிருஷ்ணனின் வெள்ளைச் சாஸர்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கிளியின் பச்சைக்குள் இருக்கும் ஒரு சத்து சூட்டில் ஆவியாகிப் பக்கத்து வெள்ளையில் படிந்துவிடும். படிந்த இடம் ரோஜா நிறமாகிவிடும். அறுபது சாஸர்கள் கன்னம் சிவந்து வந்தன. அன்றிலிருந்து இரண்டு பட்டறைக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

நான் இதை எழுதி முடிக்கும் முன்பே ஜெரினா கிளம்பிப் போய்விட்டாள்.

"சாமிதொர அண்ணே, ஒரு கிளி குடுங்க. கிளேஸ் பூசுனது. சுடாதது."

"எதுக்கு? ஒங்க மொதலாளி தலயில போட்டு ஒடைக்கவா?"

"வெள்ளையக் கெடுக்கணும்ணே. ஒரே ஒரு எடத்துல."

சாமிதுரை சிரித்துவிட்டார். "வெள்ளையக் கெடுத்துட்டன்னு ஒரு வருஷமா ஏச்சு வாங்குறேன். கெடுத்துக் குடுன்னு நீதாம்மா மொத மொத கேக்குற. ரெண்டா எடுத்துட்டுப் போ."

ஒன்று போதும் என்றாள். தட்டை, சூளைக்குள் பாண்டங்களை வைக்கும் கனத்த மண்பெட்டிக்குள் படுக்கவைத்தாள். எழுத்து தன் பக்கம் இருக்கும்படி வைத்து, மேலே இடது பக்கம், நெபுலா வர வேண்டிய இடத்தை ஒட்டி, கிளியை நிறுத்தினாள். மூக்கு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "பாத்துக்க" என்று கிளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தார்கள். நெபுலா இருந்தது. மிகச் சரியாக அதே இடத்தில், அதே —

6

மேலே நிறுத்திய வாக்கியத்தோடுதான் இந்தக் கதை முடிந்திருந்தது. ஜெரினா ஜெயித்தாள், எல்லோருக்கும் டீ. பத்திரிகைக்கு அனுப்ப உறைகூட வாங்கிவிட்டேன்.

அனுப்பும் முன் ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று சென்னையில் ஒரு நூலகத்துக்குப் போய், அந்தத் திரளின் படத்தைத் தேடி எடுத்தேன். நெபுலா மேலே இடது பக்கம் இருந்தது. கதையிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன், டைரியைப் பார்க்காமல், ஒரு குத்துமதிப்பில். பக்கத்தில் டைரியை வைத்துப் பார்த்தேன். நான் வரைந்த தட்டில் மேகம் கீழே வலது பக்கம், பள்ளிப் பெயருக்கு மேலே இருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். அப்பாடா, செய்தவர்கள் தவறு செய்திருக்கிறார்கள், கதைக்கு ஒரு குறை கிடைத்தது என்று நினைத்தேன். பிறகு ஏதோ தோன்றி டைரியை அரைச் சுற்று திருப்பினேன். இரண்டு கைச் சுருள் என்பதால் சுருள் மாறவே இல்லை. மேகம் மட்டும் மேலே இடது பக்கத்துக்கு வந்துவிட்டது. அச்சு அசல் படம். பள்ளியின் பெயர் மட்டும் தலைகீழ்.

அதாவது, நான் அந்த அறைக்குள் போனபோது தட்டு சரியாக இருந்தது.

பக்கத்து மேஜைக்காரர் "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

7

ஆகவே பெட்டியை மறுபடி திறக்கிறேன். இந்தத் தடவை பழமலையையும் கூட்டிக்கொண்டு.

பழமலை பொதுச் சூளையில் பெட்டிகளை அடுக்குபவர். படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்துக்குத் தலை எது, கால் எது என்று தெரியும். பல பட்டறைச் சரக்கும் ஒரே சூளையில் வேகும்போது எது யாருடையது என்று குழம்பக் கூடாதே. அதனால் எழுத்துள்ள எந்தப் பாண்டத்தையும் எழுத்தின் கால் சூளை வாசல் பக்கம் இருக்கும்படி வைப்பது அவர் வழக்கம். (இது நான் கற்பித்த வழக்கம். விருத்தாசலத்துப் பட்டறைக்காரர் யாராவது "ஆமா, எங்க ஆளும் அப்படித்தான் வெப்பாரு" என்று சொன்னால் மகிழ்வேன். "அப்படியெல்லாம் இல்லை" என்றாலும் கதையை மாற்ற மாட்டேன்.) ஜெரினா சூளையின் உள்பக்கமாக நின்று தட்டை வைத்திருந்தாள். பழமலை மூடுவதற்கு முன் பார்த்தார், எழுத்து சூளையின் உள்பக்கம் கால் நீட்டியிருந்தது. தட்டைப் பதமாகத் தூக்கி அரைச் சுற்று சுற்றி வைத்தார். கிளியில் எழுத்து ஏதும் இல்லை, அதனால் அதைத் தொடவில்லை.

காலையில் ரோஜா நிற மேகம் அழகாக வந்திருந்தது. எதிர்க் கையில்.

"பழமலண்ணே, தட்டத் திருப்புனீங்களா?"

"பின்ன? எழுத்து வாசப்பக்கம் பாக்க வேணாமா? மொற மொறதான?" என்றார் பழமலை, நல்ல காரியம் செய்தவரின் முகத்தோடு. ஜெரினாவால் அவரைத் திட்டவும் முடியவில்லை. பெட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நெபுலா கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. இனி ஸ்பாஞ்சுதான்.

இந்த இடத்தில் மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) ஜெரினா பேசாமல் இருந்துவிடுகிறாள், யாருக்கும் தெரியவில்லை. (டீச்சருக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் ஜெரினாவுக்குத் தெரியும். இதை எழுதிய அன்று அவள் என்னோடு பேசவே இல்லை.)

ஆ) தட்டு கை தவறி உடைகிறது. (இருபது வருஷமாக என் கதைகளின் கடைசியில் எதையாவது உடைத்துக்கொண்டே இருக்கிறேன். என் மனைவி வீட்டுக் கண்ணாடிச் சாமான்களை ஒளித்துவைக்கிறாள்.)

இ) ராஜம்மாள் டீச்சர் பட்டறைக்கு வருகிறார். பாலகிருஷ்ணன் பெருமையாகத் தட்டை நீட்டுகிறார்.

"பாத்தீங்களா டீச்சர், பெயிண்டே இல்லாம செவப்பு!"

ராஜம்மாள் முகம் மலர்ந்தார். பிறகு பத்திரிகையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன் ஜெரினா சொல்லிவிட்டாள்.

"எடம் தப்பா வந்துட்டுது டீச்சர். அந்தக் கையில வரணும், இந்தக் கையில வந்துட்டுது." சொல்லிவிட்டு, தானும் ஒரு தடவை தட்டைப் பார்த்தாள். "டீச்சர், ஒண்ணு கேக்கவா? வானத்துல மேல, கீழ உண்டா?"

"கெடையாது. மேலயும் கீழயும் நாம வெச்சுக்கிட்டதுதான்."

ஜெரினா தட்டை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, அரைச் சுற்று சுற்றினாள். மேகம் மேலே இடது பக்கம் வந்து நின்றது.

"அப்ப இதான் சரி. எழுத்துக்குத்தான் மேல கீழ."

ராஜம்மாள் கைதட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கைதட்டுவதற்குத் தடை விதித்தவரே அவர்தான்.

"அதெப்படி?" என்று குறுக்கே வந்தார் பாலகிருஷ்ணன். "ஸ்கூலு பேரு தலகீழாத் தொங்குனா செஞ்சவன் பேரு என்னாவறது? நாளைக்கி அதிகாரி வந்தாருன்னா?"

"பொண்ணுங்க தலயச் சாச்சுப் படிச்சுக்குவாங்க" என்றார் ராஜம்மாள். "பேரு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. நெபுலா யாருக்கும் தெரியாது. அது நேரா இருக்கட்டும்."

பாலகிருஷ்ணன் யோசித்தார். பிடிவாதக்காரர்தான், ஆனால் நியாயம் பார்ப்பவர். "சரி, இப்படியே மாட்டுங்க. ஜெரினா, நீயும் கிளேஸ் ரூம்ல இரு. ஆனா ஒண்ணு. இது சரின்னா இத யாரும் தொட மாட்டாங்க. என்னிக்கி ஒருத்தரு வந்து, இது தப்பா மாட்டியிருக்குதுன்னு எழுத்த நேராத் திருப்புறாரோ, அன்னிக்கி நான் சொன்னதுதான் சரி. நீ பெஞ்சுக்குப் போயிடணும். சம்மதமா?"

"சம்மதம் மொதலாளி" என்றாள் ஜெரினா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இவ்ளோ பெரிய நெபுலா கண்ணு முன்னாடி இருக்கையில எழுத்த யாரு பாக்கப் போறாங்க?"

8

பதினோரு வருஷம் யாரும் தட்டைத் தொடவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், தலையைச் சாய்த்தார்கள், சிரித்துவிட்டுப் போனார்கள். தலைமையாசிரியைகள் மாறினார்கள். பக்கத்துத் திரளுக்கு எந்தப் பக்கம் நெபுலா என்று அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பெண்ணைக் கேட்டால்கூடக் கையைத் தூக்கி மேலே இடது பக்கம் காட்டுவாள். ஜெரினா தினமும் கிளேஸ் ரூம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அவளிடம் வேலை பழகிய இரண்டு பெண்களும் இப்போது பெஞ்சில் இல்லை, அவளோடு உள்ளே இருக்கிறார்கள்.

அப்புறம் 1979 பிப்ரவரியில், அழைப்பிதழில் ஒட்டுத் தாளில் இருந்த ஒரு ஆள் வந்தார். எழுத்தைப் பார்த்தார்.

பழமலைக்காவது படிக்கத் தெரியாது. எனக்கு என்ன சாக்கு?

நூலகத்திலிருந்து திரும்பிய அன்றே பள்ளிக்குக் கடிதம் போட்டேன். அறிவியல் அறைத் தட்டை நான் தவறாகத் திருப்பிவிட்டேன், தயவுசெய்து கவனியுங்கள் என்று எழுதினேன். பத்தாம் நாள் பதில் வந்தது. "தங்கள் அன்புக்கு நன்றி. தட்டைப் பார்த்தோம். எழுத்துகள் நேராகத்தான் உள்ளன. கவலை வேண்டாம்." நானே போகலாம் என்று கிளம்பினேன், கோடை விடுமுறை, அறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண் முதலில் பள்ளியின் பெயரைத்தான் படித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பாலகிருஷ்ணனுக்குச் செய்தி இன்னும் போகவில்லை. பேனா என்னிடம் இருக்கும்வரை போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். சேதி சொல்லக் கிளம்பிய ஆளைச் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் தவறுதலாக ஏற்றிவிட்டிருக்கிறேன், அவர் திரும்பி வர நேரமாகும். ஜெரினாவைக் கிளேஸ் ரூம் வாசலில் நிறுத்திவைத்திருக்கிறேன், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கையில் கரண்டி. அவள் என்னைக் கேட்கிறாள்: "இன்னும் எவ்ளோ நேரம் சார் இப்படியே நிக்கிறது? தொட்டி காயுது."

கதை முடிந்தால் பேனா என்னிடம் இருக்காது. அதனால் உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஜூனில் பள்ளி திறந்துவிடும். விருத்தாசலம் பக்கம் போனால் ஏதாவது காரணம் சொல்லி அந்த அறிவியல் அறைக்குள் நுழைந்துவிடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர். டீ கொடுத்தால் டீயைக் கீழே வைத்துவிட்டு, தட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் படிக்காதீர்கள். ரோஜா நிற மேகம் மேலே இடது பக்கம் வரும்வரை மெல்லத் திருப்புங்கள்.

அரைச் சுற்று போதும். ஆர்வத்தில் முழுதாகச் சுற்றிவிடாதீர்கள்.